அயல்நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு, தாய்நாட்டில் வழக்கு!

(ஜார்ஜ் டவுனில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். "ஆட்சிக் கவிழ்ப்பா? நாம் உண்டு, நம் வேலை உண்டு என்று இருப்பவர்கள். நமக்கும் துப்பாக்கி தூக்குபவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், வேறொரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கப் படகேறிப் போனவர்களில் நம் மொழி பேசிய இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையிலிருந்தே தொடங்குவோம்.

மாலத்தீவில் நடந்தது என்ன?

1988ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி. பொழுது விடியும் நேரம். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் ஆயுதம் தாங்கிய சுமார் 80 பேர் இறங்கினார்கள். இவர்கள் மாலத்தீவுக்காரர்கள் அல்லர். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம், அதாவது 'புளொட்' என்று அழைக்கப்பட்ட இலங்கைத் தமிழ் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். இவர்களை வரவழைத்தவர் அப்துல்லா லுத்துபி என்ற மாலத்தீவு வணிகர். அதிபர் மாமூன் அப்துல் கயூமைப் பிடித்து ஆட்சியைக் கைப்பற்றுவதுதான் திட்டம்.

அதிபர் அவர்கள் கையில் சிக்கவில்லை. அவர் உதவி கேட்டதும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி படையை அனுப்பினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த வான்குடைப் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கிவிட்டார்கள். கவிழ்க்க வந்தவர்கள் பிணையாளிகளைப் பிடித்துக்கொண்டு 'புரோகிரஸ் லைட்' என்ற சரக்குக் கப்பலில் தப்பி ஓடினார்கள். இந்தியக் கடற்படை விரட்டிச் சென்று நடுக்கடலில் மடக்கியது. இந்தச் சம்பவத்தில் 19 பேர் உயிரிழந்ததாகச் செய்திகள் கூறின. பிணையாளிகளும் அதில் அடக்கம்.

பிடிபட்டவர்கள் இந்தியாவில் வைக்கப்பட்டிருந்து, 1989 ஜூலையில் மாலத்தீவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். விசாரணை நடந்தது. மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. பின்னர் அவை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டன. அதே ஜூலை மாதம் புளொட் தலைவர் உமா மகேசுவரன் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சொந்த மண்ணின் உரிமைக்காக என்று சொல்லி இயக்கத்தில் சேர்ந்த பிள்ளைகள், தங்களுக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு தீவின் சிறையில் போய் முடிந்தார்கள். ஊரில் காத்திருந்த தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒரு செயல், மூன்று நாடுகளின் சட்டம்

இந்த வழக்கைக் கவனித்தால் சட்டத்தின் ஓர் அடிப்படை விளங்கும். இப்படிப்பட்ட குற்றத்தில் குறைந்தது மூன்று நாடுகள் சம்பந்தப்படுகின்றன. செயல் எங்கே நடந்ததோ அந்த நாடு ஒன்று. ஆள் எங்கே பிடிபட்டாரோ அந்த நாடு மற்றொன்று. ஆள் எந்த நாட்டின் குடிமகனோ, எங்கிருந்து புறப்பட்டாரோ அந்த நாடு மூன்றாவது.

முதல் நாட்டின் சட்டம் தண்டிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். "தப்பித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டால் போதும், நம்மை யார் கேட்பது?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு. நம் நாட்டுச் சட்டமும் கேட்கும்.

420 தெரியும், 125 தெரியுமா?

ஏமாற்றுக்காரனை நாம் '420' என்கிறோம். தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் கேட்டுப் பழகிய எண் அது. மலேசியாவிலும் மோசடிக்கு 420ஆவது பிரிவுதான். கொலைக்கு இங்கும் 302, இந்தியாவிலும் நெடுங்காலம் 302. இது எப்படி?

1860இல் இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட குற்றவியல் சட்டத்தைப் பின்பற்றி, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒரு குற்றவியல் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நீரிணைக் குடியேற்றங்கள். ஆக, இன்று மலேசியா முழுவதற்கும் உரிய குற்றவியல் சட்டத்தின் மூத்த வடிவம் நம் பினாங்கில் புழங்கிய சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் 6ஆவது அத்தியாயம் நாட்டுக்கு எதிரான குற்றங்களைப் பற்றியது. மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுப்பது 121ஆவது பிரிவு. அதற்கு மரண தண்டனை வரை உண்டு. சற்றுத் தள்ளி 125ஆவது பிரிவு இருக்கிறது. மாமன்னருடன் நட்புறவு பூண்ட ஒரு நாட்டின் அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது, தொடுக்க முயல்வது, அதற்கு உடந்தையாக இருப்பது ஆகிய மூன்றும் அதன்படி குற்றம். 126ஆவது பிரிவு, நம்முடன் சமாதானமாக இருக்கும் நாட்டுக்குள் புகுந்து சூறையாடுவதையும் அதற்கு ஆயத்தம் செய்வதையும் தண்டிக்கிறது. அப்படிக் கொண்டுவந்த பொருளை வாங்கி வைத்துக்கொள்வது 127.

இந்தியா 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தை மாற்றிவிட்டது. பழைய 125ஆவது பிரிவு, இந்திய அரசுடன் நட்புடன்படிக்கை உள்ள 'ஆசிய அரசு' என்று பேசியது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 153ஆவது பிரிவு, இந்தியாவுடன் சமாதானமாக உள்ள 'எந்த அயல்நாடாக இருந்தாலும்' என்கிறது. வலை அகலமாகிவிட்டது என்று பொருள்.

ஏன் இப்படி ஒரு சட்டம்? பக்கத்து வீட்டின் மீது கல்லெறிய நம் வீட்டுத் திண்ணையைப் பயன்படுத்தினால், திரும்பி வரும் கல் நம் வீட்டுக் கூரையில்தான் விழும். ஒரு நாட்டின் குடிமக்கள் ஆளுக்கொரு போரைத் தொடங்கினால், அந்த நாடு விரும்பாத சண்டையில் மாட்டிக்கொள்ளும். போரா, சமாதானமா என்று முடிவு செய்யும் உரிமை அரசுக்கு உரியது; தனி ஆளுக்கோ, கூட்டத்துக்கோ அந்த உரிமை கிடையாது.

இந்த வலியை நாமும் அறிவோம். 2013 பிப்ரவரியில் சபா, லஹாட் டத்துவில் தென் பிலிப்பீன்ஸிலிருந்து ஆயுதக் கும்பல் புகுந்தபோது, நம் பாதுகாப்புப் படையினர் 10 பேர் உயிரிழந்தார்கள். நம் வீட்டுக்குள் பிறர் புகுந்தால் நமக்கு எப்படி இருந்ததோ, பிறர் வீட்டுக்குள் நம்மவர் புகுந்தால் அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

போர் என்றால் பீரங்கி வேண்டுமா?

"நாலைந்து பேர் சேர்ந்து செய்வது போராகுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் அல்-மாவுனா என்ற கும்பல் பேராக்கில் இராணுவ முகாம்களுக்குள் இராணுவத்தினரைப் போல் வேடமிட்டு நுழைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அள்ளிச் சென்றது. சவுக் காட்டுப் பகுதியில் பிணைபிடித்து வைத்திருந்தவர்களில் போலீஸ்காரர் சகாதேவனும், இராணுவ வீரர் மேத்யூ மேடானும் கொல்லப்பட்டார்கள். கும்பலில் இருந்தவர்கள் முப்பது பேர் அளவில்தான். விமானமும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஆனால் அவர்கள் மீது சுமத்தப்பட்டது மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். அது நிரூபணமும் ஆனது. தலைவன் முகமட் அமின் ரசாலி 2006இல் தூக்கிலிடப்பட்டான்.

நீதிமன்றம் தலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயுத பலத்தால் அரசை வீழ்த்தும் நோக்கம் இருந்ததா, அந்த நோக்கத்தோடு செயல் நடந்ததா என்றுதான் பார்க்கிறது.

கடல் தாண்டினால் சட்டம் நின்றுவிடுமா?

சாதாரணமாக ஒரு நாட்டின் குற்றவியல் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். வெளிநாட்டில் நடந்த திருட்டை லைட் தெருவில் உள்ள நம் பினாங்கு நீதிமன்றத்தில் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு. குற்றவியல் சட்டத்தின் 4ஆவது பிரிவு, நாட்டுக்கு எதிரான குற்றங்களையும் பயங்கரவாதக் குற்றங்களையும் தனியே எடுத்துச் சொல்கிறது. மலேசியக் குடிமகனோ நிரந்தரவாசியோ இவற்றை நடுக்கடலில் செய்தாலும், வேறு நாட்டில் செய்தாலும், மலேசியச் சட்டம் அவரைத் தொடரும். சட்டம் அவருடைய கடப்பிதழோடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயங்கரவாதக் குற்றங்களுக்கான 130ஆவது பிரிவின் வரிசை 2007இல் நடைமுறைக்கு வந்தது. வன்முறையால் மலேசிய அரசை மட்டுமல்ல, வேறெந்த அரசையும் பணிய வைக்க முயல்வதும் அதன் விளக்கத்துக்குள் வரும். எனவே ஆயுதம் ஏந்திய ஆட்சிக் கவிழ்ப்பு இந்தப் பிரிவுகளிலும் சிக்கலாம்.

2015இல் சேர்க்கப்பட்ட 130JA பிரிவை இளைஞர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் பயங்கரவாதச் செயலில் ஈடுபடும் நோக்கத்தோடு மலேசியாவிலிருந்து புறப்பட்டாலே குற்றம். போய்ச் சேர வேண்டும், சுட வேண்டும் என்ற அவசியம் இல்லை. 30 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். அதே ஆண்டு வந்த வேறொரு சட்டத்தின்படி, அப்படிப் போகத் திட்டமிடுபவரின் கடப்பிதழை முடக்கவும் பறிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆதரவு தேடித் தருவது, பண உதவி செய்வது, தெரிந்தும் தகவலை மறைப்பது ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

குடியுரிமை போய்விடுமா? பிறப்பால் குடியுரிமை பெற்றவரிடமிருந்து ஒரு குற்றத் தீர்ப்பை மட்டும் காரணம் காட்டி அதைப் பறிக்க அரசமைப்புச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் பதிவின் மூலமோ விண்ணப்பத்தின் மூலமோ குடியுரிமை பெற்றவர் நாட்டுக்கு விசுவாசமற்று நடந்தால், 25ஆவது விதியின்படி அதை இழக்க நேரலாம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்கா இதற்கென்றே 1794இல் நடுநிலைச் சட்டம் இயற்றிய நாடு. 2014 டிசம்பர் இறுதியில் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அதிபர் மாளிகையைத் தாக்கி ஆட்சியைப் பிடிக்க ஒரு குழு முயன்று தோற்றது. அவர்களில் பலர் அமெரிக்காவில் குடியேறிய காம்பியா வம்சாவளியினர். உயிர் தப்பித் திரும்பியவர்களை அமெரிக்க அரசு கைது செய்தது. அப்போது காம்பியாவை ஆண்டவர் யஹ்யா ஜாமே என்ற கொடுங்கோலர். "சர்வாதிகாரியைத்தானே எதிர்த்தோம்!" என்ற வாதம் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. தண்டனை குறைவாக இருந்தது, அவ்வளவுதான். 2016இல் சிலருக்குச் சில மாதங்களும், பணம் கொடுத்து முன்னின்றவருக்கு ஓராண்டுக்குச் சற்று மேலும் சிறை கிடைத்தது.

தென்னாப்பிரிக்கா 1998இல் கூலிப்படைத் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் எக்குவடோரியல் கினி நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்ட விமானம் சிம்பாப்வேயின் ஹராரேயில் பிடிபட்டது. தலைமை தாங்கிய முன்னாள் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி சைமன் மான் முதலில் சிம்பாப்வேயில் சிறையிருந்தார். பிறகு எக்குவடோரியல் கினியில் 34 ஆண்டு தண்டனை பெற்று, 2009இல் மன்னிப்பில் வெளிவந்தார். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர் துப்பாக்கியே தொடவில்லை. ஹெலிகாப்டர் ஒன்றுக்குப் பணம் கொடுத்திருந்தார். 2005 ஜனவரியில் கேப் டவுன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 லட்சம் ராண்ட் அபராதம் கட்டினார். பிரதமர் மகனுக்கே இந்த நிலை என்றால், சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு?

மிக அண்மையில், 2024 மே மாதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஒரு கவிழ்ப்பு முயற்சி தோற்றது. பிடிபட்ட 3 அமெரிக்கர்களுக்கு அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பிறகு அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வீடு திரும்பிவிட்டோம் என்று மூச்சுவிட முடிந்ததா? அமெரிக்க நீதித்துறை அதே மாதம் அவர்கள் மீது தன் பங்குக்கு வழக்குத் தொடுத்தது.

பினாங்கின் பங்கு

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். "நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களும் சட்டத்தின்படி குற்றவாளிகள்தானே?" என்று. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த வரலாற்றில் பினாங்குக்கு இடம் உண்டு.

1942இல் பினாங்கில் இந்திய சுதந்திர லீக் நடத்திய பயிற்சி நிலையத்தில் இளைஞர்கள் பயின்றார்கள். அவர்களில் ஒரு குழு அந்த ஆண்டு செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் சென்று கேரளக் கரையில் தானூர் அருகே இறங்கியது. பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வர் 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

போர் முடிந்ததும் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூன்று இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீது அதே 121ஆவது பிரிவில் வழக்கு நடந்தது. ஒரு நாட்டின் விடுதலைக்காகத் தனி அரசு அமைத்துப் போரிட்டவர்களை உள்நாட்டுச் சட்டத்தால் தண்டிக்க முடியாது என்று வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, ஆயுள் தண்டனை என்றது. மக்கள் கொதித்து எழுந்தார்கள். 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி அந்தத் தண்டனையை நீக்கினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நோக்கம் உயர்ந்ததாக இருந்தாலும் சட்டம் முதலில் செயலைத்தான் பார்க்கிறது. மன்னிப்பும் மாலையும் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். செங்கோட்டை மூவருக்கு வந்தது. சென்னைச் சிறையின் நால்வருக்கு உயிரோடு இருக்கும்போது வரவில்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தன் தாய்நாட்டின் அடிமைத்தளையை அறுக்கப் போனவர்களையும், யாரோ ஒரு வணிகரின் பதவி ஆசைக்காகத் தீவில் இறக்கிவிடப்பட்டவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சட்டமும் எல்லை மீறக்கூடாது

குடிமகனுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. அரசுக்கும் கடமை உண்டு.

2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவு தந்ததாகச் சொல்லி, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மா சட்டத்தின் கீழ் கைதானார்கள். அவர்கள் குடும்பங்கள் பட்ட பாடு நம் சமுதாயம் முழுவதும் அறிந்தது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லா வழக்குகளையும் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தைக் கைப்பேசியிலோ முகநூலிலோ வைத்திருப்பதாலேயே ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். வழக்கைத் தொடுக்கவும் கைவிடவும் அரசமைப்பின் 145ஆவது விதி சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது.

ஆகவே கோடு எங்கே என்று நாம் தெளிவாக இருக்க வேண்டும். இன்னொரு நாட்டில் துன்பப்படும் மக்களுக்காகப் பேசுவது, எழுதுவது, அமைதியாகக் கண்டனம் தெரிவிப்பது வேறு. ஆயுதம் வாங்கப் பணம் அனுப்புவது, ஆள் சேர்ப்பது, பயிற்சிக்குப் போவது வேறு. எதிர்ப்பும் மாற்றுக் கருத்தும் மட்டுமே பயங்கரவாதம் ஆகாது என்று 130B பிரிவே சொல்கிறது.

பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க

இன்று 'ஆட்சியைக் கவிழ்க்க ஆள் தேவை' என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. 'வெளிநாட்டில் பாதுகாவலர் வேலை, கை நிறையச் சம்பளம்' என்றுதான் ஆசை காட்டுவார்கள். வேலைக்கு என்று சொல்லி இந்திய இளைஞர்களை ரஷ்யாவுக்கு அழைத்துச் சென்று உக்ரைன் போர்முனையில் நிறுத்திய முகவர்கள் மீது இந்தியாவின் மத்தியப் புலனாய்வுத் துறை 2024 மார்ச்சில் வழக்குப் பதிவு செய்தது. இலங்கை இளைஞர்களும் இதே வலையில் விழுந்தார்கள்.

எனவே வெளிநாட்டுப் பாதுகாவல் வேலை என்று யாராவது சொன்னால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். முதலாளி யார்? ஒப்பந்தம் நமக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? ஆயுதப் பயிற்சி உண்டா? கடப்பிதழ் யார் கையில் இருக்கும்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வேலை வேண்டாம். யாருக்காகவும் உங்கள் வங்கிக் கணக்கை இரவல் கொடுக்காதீர்கள். மார்க் தாட்சரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள், ஆயுதத்தைத் தொடுவதற்கு முன்பே அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தை நாட வேண்டும். விலகி வந்த நேரம் வழக்கில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். இங்கே யாராவது கைதானால், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை அரசமைப்பின் 5ஆவது விதி தருகிறது. சொஸ்மா வழக்கில் அதை 48 மணி நேரம் வரை தாமதப்படுத்தலாம். அதற்கு மேல் முடியாது. வசதி இல்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

பிள்ளையின் போக்கில் மாற்றம் தெரிந்தால், "ஊர் என்ன சொல்லும்" என்று மூடி வைக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் தடுத்தால் அது குடும்பப் பிரச்சினை. புறப்பட்ட பின் அது நீதிமன்றப் பிரச்சினை. மாலேயில் இறங்கிய அந்த இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.